மதில் வீட்டில் இத்தா

எங்கள் ராத்தாவின் வீட்டுக்கு மதில் கட்டியபோது அதைக் குறை சொன்னவர் ஊரில் ஒருவரும் இல்லை. நானும் சொல்லவில்லை. ராத்தா என்றால் என் மூத்த சகோதரி. அவருடைய வீடும் என் வீடும் கற்பிட்டிப் பக்கம் எத்தாளைக்குக் கிட்ட, வாப்பா பாகம் பிரித்துத் தந்த மணல் வளவில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. இரண்டுக்கும் நடுவே தென்னோலைக் கிடுகு வேலி இருந்தது. வருசத்துக்கு ஒரு தரம் அதற்குக் கிடுகு மாற்ற வேண்டும். வெங்காயத் தோட்டத்தில் வேலை குறைந்த நாட்களில் நானும் மச்சானும், அதாவது ராத்தாவின் கணவரும், ஆளுக்கொரு பக்கம் நின்று கட்டுவோம். கடற்காற்றும் ஆடுகளும் சேர்ந்து அடுத்த வருசத்துக்குள் அதை முடித்துவிடும். ஆகவே மதில் வருகிறது என்று கேட்டதும் என் முதுகுக்கு ஓர் ஆறுதல் வந்தது என்பதுதான் உண்மை.

மதிலைக் கட்டுவித்தவன் ராத்தாவின் மகன். கட்டாரில் ஒரு களஞ்சியத்தில் வேலை. நல்ல பிள்ளை. தொழுகையை விடாதவன், மாதம் தவறாமல் உம்மாவுக்குக் காசு அனுப்புகிறவன். முதலில் நிலத்துக்கு டைல் பதித்தான். பிறகு முன் விறாந்தைக்குத் தேக்குக் கதிரைகள் வந்தன. ராத்தா அவற்றின் பொலித்தீன் உறையைக் கழற்றவே இல்லை. அதற்குப் பிறகு மதில்.

எங்கள் பாதையில் வெளிநாட்டுக் காசு வருகிற வீடுகளுக்கெல்லாம் அப்போது மதில் எழும்பிவிட்டது. தன் வீடு மட்டும் கிடுகு வேலியோடு நின்றால், உம்மாவையும் வாப்பாவையும் பார்க்க ஆள் இல்லை என்று ஊர் நினைக்கும் என்று என் மருமகனாகிய அவன் போனில் சொன்னான். அவன் சொன்னது பிழையில்லை. ஊர் அப்படித்தான் நினைத்தது. ஒரு பிள்ளை பெற்றவர்கள் மேல் எவ்வளவு இரக்கம் வைத்திருக்கிறான் என்பதை நாங்கள் பாதையில் நின்றே அளந்தோம். கேட் எவ்வளவு உயரம், அதன் ஈட்டி முனைகளுக்குத் தங்க நிறம் பூசியிருக்கிறதா, தூணுக்கு மேலே விளக்கு இருக்கிறதா என்று பார்த்தோம். பார்த்துவிட்டு, அந்தப் பிள்ளைக்கு அல்லாஹ் பரக்கத் செய்யட்டும் என்றோம். மனதாரத்தான் சொன்னோம்.

வேலியில் ஒரு கடப்பு இருந்தது. என் வீட்டுக் குசினிக்கும், அதாவது சமையலறைக்கும், ராத்தாவின் குசினிக்கும் நேராக, ஒரு ஆள் கொஞ்சம் சரிந்து நுழையக்கூடிய இடைவெளி. அது பெண்களின் வழி. என் மனைவியும், எங்களுக்குப் பின்வளவில் இருக்கிற மீன்பிடிக்காரரின் மனைவியும், அந்தப் பக்கத்து வீடுகளின் மற்றப் பெண்களும் எங்கள் வளவுக்குள்ளால் வந்து அந்தக் கடப்பால்தான் ராத்தாவிடம் போவார்கள். ஆண்கள் அதால் போவதில்லை. சொந்தத் தம்பியாகிய நானே பாதையால் சுற்றிப் போய், முன்பக்கம் நின்று சலாம் சொல்லித்தான் உள்ளே போவேன். இப்படி ஒரு சட்டத்தை யாரும் எங்களுக்கு ஓதித் தந்ததில்லை. பள்ளிவாசலில் பயான் செய்ததும் இல்லை. இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள் என்று கால்களே பழகியிருந்தன.

மதில் கட்ட வந்த மேசன் பாஸ் நூல் பிடித்தபோது அந்த இடத்துக்கு வந்ததும் நின்று, இங்கே ஏதும் விடவேண்டுமா என்று கேட்டார். மச்சான் விடச் சொன்னார். போனில் இருந்த மகன் வேண்டாம் என்றான். நடுவே ஓட்டை விட்டால் பிறகு மதில் எதற்கு, கள்ளன் பாதையால் வரமாட்டான் பின்னால்தான் வருவான், போய்வர அவ்வளவு பெரிய கேட் இருக்கிறதே என்று நியாயம் சொன்னான். மார்க்கத்தையும் சொன்னான். நாலு பக்கமும் மதில் இருந்தால் உம்மாவுக்கு மறைவு கூட, வளவுக்குள் நிம்மதியாக நடக்கலாம் என்றான். மறைவு என்று வந்ததும் மச்சான் பாஸிடம், நேராகவே கட்டுங்கள் என்றார்.

 அந்த நேரம் ராத்தாவின் மனம் கேட்டின் பெல்லில் இருந்தது. அதைப் பூட்டி முடித்த அன்று தானே வெளியே போய் அமத்திவிட்டு, சத்தம் கேட்கிறதா என்று பார்க்க உள்ளே ஓடிவந்தார். அமத்துகிற ஆள் ஓடிவந்தால் சத்தம் யாருக்காக நிற்கும் என்று மச்சான் சிரித்தார். பிறகு அவர் வெளியே போய் அமத்த, ராத்தா குசினிக்குள் நின்று கேட்டு, கேட்கிறது என்று சத்தம் போட்டுச் சொன்னார். பெல்லை விட அந்தச் சத்தம்தான் எங்கள் வீட்டுக்குக் கேட்டது.

மதில் வந்ததால் கெட்டுப்போனது என்று அந்த நாட்களில் சொல்ல ஒன்றுமில்லை. ஆடுகள் வரவில்லை. காற்றில் பறந்து வருகிற மணல் குறைந்தது. மச்சான் பின்னேரங்களில் கேட்டுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருப்பார், யாராவது வந்தால் எழும்பித் திறப்பார். பெண்கள் வருவது மட்டும் குறைந்தது. ஒரு பீங்கானில் ஆணமோ வேறு குழம்போ கொடுப்பதற்கு அபாயா உடுத்து, பாதையில் மீன் லொறிகளுக்கு ஒதுங்கி, பெல்லை அமத்திவிட்டு வெயிலில் நிற்க எந்தப் பெண்ணுக்கும் மனம் வராது. என் மனைவி ராத்தாவுக்குப் போன் எடுத்து, மச்சி, ஆணம் கொண்டு வரவா என்று கேட்பாள். அதற்கு முன்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டுக் கொடுக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. கேட்டால் யாரும் வேண்டாம் என்றுதானே சொல்வார்கள். ராத்தாவும் வேண்டாம் என்பார். கொஞ்ச நாளில் என் மனைவி கேட்பதையும் விட்டுவிட்டாள். மிஞ்சியதை வைக்க எல்லா வீட்டிலும் பிரிஜ் இருந்தது. ஒரு வழக்கம் நின்றுபோனது என்று யாரும் துக்கப்படவில்லை. நின்றது என்பதே யாருக்கும் தெரியவில்லை.

மச்சான் ஒரு வெள்ளிக்கிழமை அஸர் தொழுதுவிட்டு வந்து, கேட்டடிக் கதிரையில் இருந்தபடியே மௌத்தானார். அல்லாஹ் அவருடைய கப்ரை விசாலமாக்கி வைப்பானாக. மகன் கட்டாரிலிருந்து வந்து சேர்வதற்குள் ஜனாஸாவை அடக்கியாகிவிட்டது. சில நாட்கள் நின்று, வாப்பாவின் கப்ரடியில் துஆ ஓதிவிட்டு, லீவு முடிந்து திரும்பிப் போனான். கொழும்பில் கட்டிக் கொடுத்த மகள் உம்மாவோடு தங்கினாள்.

ராத்தா இத்தா இருந்தார். கணவன் மௌத்தானால் மனைவி நாலு மாதமும் பத்து நாளும் அந்த வீட்டிலேயே இருக்க வேண்டும். அலங்காரம் இல்லை, தேவையில்லாமல் வெளியே போவதில்லை, பிற ஆண்களின் கண்ணில் படுவதில்லை. இதில் மார்க்கம் சொன்னது கொஞ்சம், ஊர் சேர்த்தது கொஞ்சம். எது எது என்று பிரிக்கும் அளவுக்கு நான் ஓதவில்லை. எட்டாம் வகுப்போடு தோட்டத்துக்கு வந்தவன். ஆனால் கண்ணால் கண்டது ஒன்று உண்டு. இத்தா இருக்கிற பெண் தனியே இருப்பதில்லை. எங்கள் உம்மா இத்தா இருந்தபோது வீட்டின் முன்பக்கம் ஆளில்லாமல் கிடந்தது, பின்பக்கம் கலியாண வீடு மாதிரி இருந்தது. யார் வந்தார்கள், யார் போனார்கள், எதற்குச் சிரித்தார்கள் என்று ஆண்களாகிய எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

ராத்தாவின் வீட்டுக்கு இப்போது பின்பக்கம் என்று ஒன்று இருக்கவில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் வழி ஒன்றேதான், அந்தக் கேட். மறைவுக்கென்று கட்டிய மதில் இரண்டு வழியையும் ஒன்றாக்கிவிட்டது. கரண்ட் மீட்டர் பார்க்கிறவர் அடித்தாலும், உதவி கேட்டு வருகிறவர் அடித்தாலும், மச்சானின் கூட்டாளிகள் பிந்தி வந்து அடித்தாலும் பெல்லுக்கு ஒரே சத்தம்தான். யார் என்று மகள் போய்ப் பார்த்துவரும் வரைக்கும் ராத்தா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பார். வந்தது பெண் என்றால் திரும்ப வெளியே வருவார். ஒரு நாளில் இது எத்தனை தரம் நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் அவர் மகளிடம், பிள்ளை, நான் இந்த அறைக்குள்ளேயே இருந்து விடுகிறேன், எழும்பி எழும்பிப் போக இயலாது என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

பிறகு மகளுக்கும் போக வேண்டி வந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். இரவில் என் மனைவி அங்கே போய்ப் படுத்தாள். பகலில் கேட்டின் சாவி அவளிடம் இருந்தது. பெல் அடிக்கிற சத்தம் எங்கள் வீட்டுக்கும் கேட்கும். கேட்கிற ஒவ்வொரு தரமும் அவள் உடுத்துச் சுற்றிப் போய்த் திறந்தாள். அவள் முழங்கால் வருத்தக்காரி. இதைக் கேள்விப்பட்டு மருமகன் மனம் வருந்தி, ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு சாமான் கொடுத்து அனுப்பினான். கமராவும் பூட்டும் சேர்ந்தது. கேட்டில் அமத்தினால் அவனுடைய போன் அடிக்கும். கட்டாரில் இருந்தபடியே யார் நிற்கிறார் என்று பார்த்து, அங்கிருந்தே திறந்து விடுவான். பழைய பூட்டைக் கழற்றிவிட்டு இதைப் பூட்டினார்கள். ஊரில் இப்படி ஒன்று அதுதான் முதல். பார்க்க ஆட்கள் வந்தார்கள்.

பின்வளவு மீன்பிடிக்காரரின் மனைவிதான் ராத்தாவுக்கு மிகவும் நெருக்கம். காலையில் படகு வந்து மீன் பிரித்து முடிந்ததும் கஞ்சியோ இடியப்பமோ எடுத்துக்கொண்டு வருவாள். அவள் வீட்டுக் கோழி கூவினால் ராத்தாவுக்குக் கேட்கும், அவ்வளவு கிட்ட. ஆனால் இப்போது அவள் பாதையால் சுற்றி வந்து, கேட்டில் அமத்தி, கட்டாரில் ஒருவன் வேலையை விட்டுப் போனை எடுத்துப் பார்க்கும் வரைக்கும் நிற்க வேண்டும். அவன் பார்த்து, சலாம் சொல்லி, மாமி சுகமா என்று கேட்டுத் திறப்பான். மரியாதையான பிள்ளை. ஒரு நாள் அவள் உள்ளே வந்ததும் சட்டியை வைத்துவிட்டு,

"ராத்தா, இனி உங்கட குசினிக்கு வாரண்டா கட்டார் விசாதான் எடுக்கணும் போல" என்றாளாம்.

ராத்தா அன்றைக்குத்தான் மச்சான் போனபிறகு முதல் தடவை சிரித்தார் என்று என் மனைவி வந்து சொன்னாள். ஆனால் மற்றப் பெண்கள் சிரிக்கவில்லை. பிற ஆண் ஒருவன் எங்கோ இருந்து தங்களைப் பார்க்கிறான் என்பது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. குசினி வேலைக்கு நடுவே முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு ஓடிவருகிற கோலத்தில் கமராவுக்கு முன்னால் நிற்கக் கூச்சப்பட்டார்கள். ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். ராத்தா ஒரு நாள் என் மனைவியிடம் சொல்லி அந்தக் கமராவுக்கு மேல் ஒரு துணியைப் போடச் சொன்னார். போட்ட உடனே மகன் பதறிக்கொண்டு போன் எடுத்தான், கமரா கறுப்பாகிவிட்டது, வீட்டுக்குள் யார் வந்தது என்று. துணியை எடுத்துவிட்டார்கள்.

என் மனைவியை நான் கற்பிட்டிக்கு கிளினிக் கொண்டு போன ஒரு நாள். மருந்து எடுத்து, மதியத் தொழுகை ளுஹருக்குப் பிறகு வீட்டுக்கு வந்து இறங்கியபோது, மீன்பிடிக்காரரின் மனைவி எங்கள் வளவில் மதிலைப் பார்த்தபடி நின்றாள். நிலத்தில் சட்டி இருந்தது. கேட்டில் எவ்வளவு நேரம் அமத்தியும் திறபடவில்லை, கட்டாரில் போன் எடுபடவில்லை என்றாள். அன்றிலிருந்து வேலை நேரத்தில் அவர்களுடைய போன்களை வாங்கி வைக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. அவள் திரும்பி எங்கள் வளவுக்குள் வந்து மதிலுக்கு மேலால் கூப்பிட்டிருக்கிறாள். உள்ளே இருந்து மெல்லிய ஒரு சத்தம் கேட்டிருக்கிறது.

ஏணியை வைத்து மதிலில் ஏறி அந்தப் பக்கம் குதித்தேன். எனக்கு வயது அறுபதுக்கு மேல். ராத்தா குளிக்கும் அறையில், வழுக்குகிற அந்த டைலின் மேல் சுவரில் சாய்ந்தபடி இருந்தார். கணுக்கால் வீங்கியிருந்தது. காலையிலிருந்து அப்படியே இருந்திருக்கிறார். என்னைக் கண்டதும் முக்காட்டைச் சரி செய்துகொண்டு, ளுஹர் பாங்கு சொல்லிவிட்டார்களா என்றுதான் முதலில் கேட்டார். பாங்கு அங்கே கேட்கும்தான். அவர் அசந்து போயிருக்க வேண்டும்.

எலும்பு முறியவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் செய்தி கொழும்புக்கும் கட்டாருக்கும் போனது. பிள்ளைகள் இரண்டு பேரும் கதைத்து, உம்மாவைக் கொழும்புக்குக் கொண்டு போவது என்று முடிவு செய்தார்கள். மகள் இருப்பது மாடி வீடு, லிப்ட் இருக்கிறது, அறைக்கு ஏசி இருக்கிறது. சனிக்கிழமை வேன் வரும் என்றார்கள்.

ராத்தா போக விரும்பவில்லை. இத்தாவை மச்சானுடைய வீட்டில், அவர் மௌத்தான வீட்டில் இருந்து முடிக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் கேட்டது. அழவில்லை, சண்டை போடவில்லை. ஹஜ்ஜுக்குப் போக இரண்டு தரம் காசு சேர்த்து இரண்டு தரமும் பிள்ளைகளுக்காக எடுத்துக் கொடுத்தவர். அல்லாஹ்விடம் காட்ட எனக்கு வேறு என்ன நல்ல அமல் இருக்கிறது, இதையாவது சரியாகச் செய்ய விடுங்கள் என்று என் மனைவியிடம் சொன்னார். என்னைப் பள்ளிக்குப் போய் மௌலவியிடம் கேட்டு வரச் சொன்னார்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு மௌலவியைக் கண்டு விசயத்தைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கணவனுடைய வீட்டில் இருப்பதுதான் முறை, ஆனால் அங்கே தனியே இருந்து உயிருக்குப் பயம் என்றால் வேறு இடத்துக்குப் போகலாம், அதில் குற்றமில்லை, அல்லாஹ் யாரையும் கஷ்டப்படுத்தச் சொல்லவில்லை என்றார். பிறகு, பக்கத்தில் பார்க்க ஆட்கள் இருக்கிறார்களா என்று கேட்டார். இருக்கிறார்கள் என்றேன். அப்படியென்றால் ஏன் போகவேண்டும் என்று கேட்டார். நான் சலாம் சொல்லிவிட்டு எழும்பினேன்.

வந்து ராத்தாவிடம் அப்படியே சொன்னேன். கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு இருந்தார்.

"ஆக்கள் இரிக்காங்களா எண்டு கேட்டாரா?" என்றார்.

"ஓம்."

"ஆக்கள் இரிக்காங்க தம்பி. அவங்க வாரத்துக்குத்தான் வழி இல்ல. சனிக்கெழமைக்கு முந்தி அந்த எடத்த ஒடச்சுத் தாங்க."

பழைய கடப்பு இருந்த இடத்தைத்தான் சொன்னார்.

வீடு ராத்தாவின் பெயரில்தான். ஆனாலும் மதில் மகனுடைய உழைப்பு. அவனிடம் கேளாமல் ஒரு கல்லைத் தட்ட எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்கே போன் எடுத்தேன். வேலை முடிந்து அறைக்கு வந்திருந்தான். பின்னால் பல ஆண்களின் சத்தம் கேட்டது. ஒரே அறையில் எத்தனையோ பேர் கட்டிலுக்கு மேல் கட்டில் போட்டு இருக்கிறார்கள். அங்கே அவனுக்கு மறைவுக்கு ஒரு சேலைத் துணிதான் என்று எப்போதோ சொல்லியிருந்தான். நான் சொன்னதைக் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னான்.

"மாமா, அந்த மதில்ல ஒவ்வொரு கல்லும் நான் ஓவர்டைம் செஞ்சி வெச்சது. ஒடச்சா ஊருல என்ன கதைப்பாங்க? மகன்ட காசு முடிஞ்சிட்டு எண்டுதானே கதைப்பாங்க."

"கதைக்கிற ஆக்கள் யாரும் அண்டைக்கு ஏணி வெச்சு ஏறல்ல மகன்."

 கோபப்பட்டுப் போனை வைத்துவிடுவான் என்று நினைத்தேன். வைக்கவில்லை. அவனுடைய மூச்சுச் சத்தமும் பின்னால் யாரோ சிரிக்கிற சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன. பிள்ளையின் பக்கத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. தன்னுடைய இரக்கத்தைக் காட்ட அவனுக்கு வேறு வழி இருக்கவில்லை. உம்மாவுக்குப் பக்கத்தில் இருக்க முடியாதவன் உம்மாவைச் சுற்றிக் கல்லை வைத்தான். நாங்களும் அதைத்தானே புகழ்ந்தோம்.

"இத்தா முடியிற வரைக்கும் மட்டும். அதுக்குப் பொறகு பாஸ்கிட்ட சொல்லி அடச்சிருங்க" என்று கடைசியில் சொன்னான்.

வெள்ளிக்கிழமை காலையில், மதிலைக் கட்டிய அதே மேசன் பாஸ் உடைக்க வந்தார். ராத்தா அறைக்குள் இருந்தார். பாஸ் சுத்தியலை எடுத்துக்கொண்டு, எந்த இடம் என்று கேளாமலே சரியான இடத்துக்குப் போய் நின்றார். நூல் பிடித்த நாள் அவருக்கும் ஞாபகம் இருந்திருக்க வேண்டும். கல் இளகவில்லை. தான் கலந்த சீமெந்தைத் தானே திட்டிக்கொண்டு ஜும்ஆவுக்கு நேரமாகும் வரைக்கும் உடைத்தார். ஒரு ஆள் நிமிர்ந்து போகிற அளவுக்கு வழி விழுந்தது. கம்பிகள் நீட்டிக்கொண்டு நின்றன. அவற்றை வளைத்து, துணி சுற்றிவிட்டு நான் குளிக்கப் போனேன்.

ஜும்ஆ முடிந்து வந்தபோது எங்கள் முற்றத்தில் பல சோடிப் பெண் செருப்புகள் கிடந்தன. என் மனைவி சோற்றை மூடி வைத்துவிட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் போயிருந்தாள். நான் தனியே போட்டுச் சாப்பிட்டேன். பின்னேரம் மகளே போன் எடுத்து, சனிக்கிழமை வேன் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னாள்.

ஓட்டை விழுந்ததும் எல்லாம் முன்பு மாதிரி ஆகிவிட்டது என்று எழுதினால் அது பொய். முதல் சில நாட்கள் உடைந்த இடத்தைப் பார்க்க வந்த கூட்டம்தான் அது. பிறகு பெரும்பாலான பெண்கள் வரவில்லை. வராமல் இருக்கப் பழகிவிட்டார்கள். அவரவருக்கு அவரவர் மதில், அவரவர் போன். வந்த சிலரும் அந்தத் தேக்குக் கதிரைகளைப் பார்த்து, தங்கள் வீட்டுக் கதிரைகளின் கதையைக் கதைத்துவிட்டுப் போனார்கள் என்று என் மனைவி சொன்னாள். ஆனால் மீன்பிடிக்காரரின் மனைவி ஒரு நாளும் தவறவில்லை. என் மனைவியும் தவறவில்லை. அதால் போகும்போது அபாயா வேண்டாம், செருப்பு வேண்டாம். அரைத்த கையோடு போய்விட்டு அரைத்த கையோடு வருவாள். ஒரு பெண்ணை இத்தாவில் தனியே விடாமல் இருக்க இரண்டு பெண்கள் போதும் போலிருக்கிறது.

இன்னொன்றும் நடந்தது. எங்கள் பக்கத்தால் வருகிறவர்களைக் கமரா காணாது. மகனுக்கு அது கவலை. இரவில் போன் எடுத்து, இன்றைக்கு யார் வந்தது, என்ன கொண்டு வந்தார்கள், என்ன கதைத்தீர்கள் என்று உம்மாவிடம் கேட்பான். ராத்தா ஒவ்வொன்றாகச் சொல்வார். முன்பு கமராவில் எல்லாம் தெரிந்தபோது, சுகமா, சாப்பிட்டீங்களா என்பதோடு அவன் வைத்துவிடுவான். இப்போது அந்தக் கதை நீண்டது. பக்கத்தில் படுத்திருக்கிற என் மனைவிக்கு நித்திரை வந்துவிடும், அவர்கள் இன்னும் கதைத்துக்கொண்டு இருப்பார்களாம். கஞ்சிக்கு வெந்தயம் போட்டதா இல்லையா என்று கட்டாரிலிருந்து கேட்பானாம்.

இத்தா முடிந்த அன்று ராத்தா குளித்து, புதிது உடுத்து, இரண்டு ரக்அத் தொழுதார். மீன்பிடிக்காரரின் மனைவி பெரிய மீனாகப் பார்த்துக் கொண்டு வந்தாள். என் மனைவி நெய்ச்சோறு ஆக்கினாள். சாப்பாட்டை ராத்தாவின் குசினியில்தான் வைத்தார்கள். என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். நான் வழமை போல் பாதையால் சுற்றி வந்தேன். உப்புக் காற்று பட்டு, கேட்டின் தங்க நிறம் கொப்பளித்துப் போயிருந்தது. வருசத்துக்கு ஒரு தரம் பெயின்ட் அடிக்க வேண்டும் போல.

அடுத்த நாள் மேசன் பாஸ் சீமெந்து மூட்டையோடும் கொஞ்சம் கல்லோடும் வந்தார். மருமகன் சொன்ன சொல்லை மறக்காமல் கட்டாரிலிருந்து அவரோடு கதைத்திருக்கிறான். பாஸ் எங்கள் வளவில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, மதில் உடைந்த இடத்தை அளந்துகொண்டிருந்தார். அப்போது ராத்தா அந்தப் பக்கம் வந்து நின்றார். முக்காடு போட்டு, மதிலுக்குக் கொஞ்சம் மறைந்து நின்றபடி கதைத்தார். இத்தாவுக்குப் பிறகு வெளி ஆண் ஒருவரோடு அவர் கதைத்த முதல் கதை அது.

"பாஸ், இந்த வீட்டுல இன்னொரு மௌத்து இரிக்கி. அதுக்கும் பொம்புளைகள் வரணும். அது முடியட்டும். அதுக்குப் பொறகு வந்து அடைங்க."

பாஸ் என்னைப் பார்த்தார். நான் அளவு நாடாவைப் பார்த்தேன். அவர் நாடாவைச் சுருட்டி சேட் பைக்குள் போட்டுக்கொண்டு, அப்படியென்றால் அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும் ராத்தா என்று சொல்லிவிட்டு, என் மனைவி கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்.

மகனிடம் ராத்தாவே சொன்னார். அவன், அப்படியென்றால் ஒரு நல்ல அலுமினியக் கதவாவது போடட்டுமா, அப்படியே திறந்து கிடந்தால் பார்க்க வடிவில்லையே என்று கேட்டிருக்கிறான்.

"கதவு போட்டா பூட்டத்தான் மனம் வரும் மகன்" என்றார் ராத்தா.

அவன் கதவு போடவில்லை. இரவில் போன் எடுப்பதையும் நிறுத்தவில்லை.

சீமெந்து மூட்டையை எடுத்துப் போக யாரும் வரவில்லை. எங்கள் பக்கத்துக் காற்றுக்கு அது எத்தனை நாள் தாங்கும். மழைக்கு முன்பே உள்ளுக்குள் இறுகிக் கல்லாகிவிட்டது. கடதாசியை உரித்துப் போட்டுவிட்டு, உருட்டிக்கொண்டு போய்க் கிணற்றடியில் வைத்திருக்கிறேன். தொழுகைக்கு முன் வுழூ செய்யும்போது அதன் மேல் காலை வைத்துக் கழுவிக்கொள்வேன்.